கோட்டையூரில் வாங்கி சென்னையில் வைத்தது: சிகாகோ தெற்காசிய ஆய்வு மையம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனிமனிதரின் நூலகத்தை அப்படியே விலைக்கு வாங்கியது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். பாதி புத்தகம். மீதி பத்திரிகை, துண்டறிக்கை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம், சினிமாப் பாட்டுப் புத்தகம். வாங்கியவர்கள் அதைக் கப்பல் ஏற்றவில்லை. சென்னையில் இடம் பார்த்து வைத்துவிட்டு, நுண்படச்சுருளில் (மைக்ரோஃபிலிம்) நகல் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படிப் பிறந்ததுதான்.

நூலகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வாங்கிய கை, அதாவது அந்தப் பல்கலைக்கழகமும் அதன் தெற்காசிய ஆய்வு மையமும், எப்படிப்பட்டது, அது ஏன் அப்படிச் செய்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். பல்கலைக்கழகங்களில் ஒரு நிலப்பகுதியை ஆராயவென்று வைத்திருக்கும் மையங்கள் என்னதான் வேலை செய்கின்றன, அதில் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

கேள்வி வந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் வட்டார ஆய்வு மையம் நடத்திய இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடியப் பதினொன்றரை மணி. கட்டுரை வாசிக்க ஆளுக்கு ஏழு நிமிஷம். மதியச் சாப்பாடு நன்றாகவே இருந்தது. பதிவுக் கட்டணத்துக்கு ஒரு சான்றிதழ், ஐஎஸ்பிஎன் எண் போட்ட ஒரு தொகுப்பு. இடைவேளையில் மையத்தின் நூலகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில். அந்த வருஷத்து ஆண்டறிக்கையில் ‘தேசியக் கருத்தரங்கு: 1’ என்று ஒரு வரி ஏறியிருக்கும், சந்தேகமில்லை.

அந்தப் பூட்டிய அலமாரியை மனசில் வைத்துக்கொண்டுதான் சிகாகோ கதையைப் படித்தேன். எந்த மையமானாலும் அங்கே நடந்த கூட்டங்களின் எண்ணிக்கை எனக்குப் பொருட்டாகப் படுவதில்லை. அது சேர்த்த பொருள் எங்கே இருக்கிறது, அதை யார் கை தொட முடிகிறது என்றுதான் பார்க்கிறேன்.

பணம் வந்த வழி

இந்த மையங்கள் தமிழ்மேல் உள்ள காதலால் தொடங்கப்பட்டவை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கு உலகம் முழுவதையும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் வந்தது. சிகாகோவில் மானிடவியலாளர் ராபர்ட் ரெட்ஃபீல்டும் மில்டன் சிங்கரும் 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளைப் பணத்தில் நாகரிகங்களை ஒப்பிடும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். சிங்கர் 1954–55இல் சென்னைக்கு வந்தார். சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன் துணையோடு நகரத்தைச் சுற்றி, வீடுகளில் நடந்த ராதாகிருஷ்ண பஜனைகளைக் கவனித்துக் குறிப்பு எடுத்தார். கிராமத்தில்தான் மானிடவியல் என்றிருந்த காலத்தில் ஒரு அமெரிக்கர் மாநகரத்துப் பஜனையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது கொஞ்சம் புதுசுதான்.

பெரிய பணம் வந்தது ஸ்புட்னிக்குக்குப் பிறகு. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் அந்தச் செயற்கைக்கோளை விண்ணில் விட்டது. மறு வருஷமே அமெரிக்க நாடாளுமன்றம் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் போட்டது. சட்டத்தின் பெயரிலேயே ‘பாதுகாப்பு’ இருப்பதைக் கவனியுங்கள். அதன் ஆறாம் பிரிவு, அமெரிக்காவில் அதிகம் கற்பிக்கப்படாத மொழிகளுக்கும் அவை பேசப்படும் நிலப்பகுதிகளுக்கும் பல்கலைக்கழக மையங்கள் அமைக்கப் பணம் ஒதுக்கியது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் வந்தது. ராக்கெட் பயத்தில் ஒதுக்கிய காசில் ஒரு அமெரிக்க மாணவர் தமிழ் வினைமுற்று படித்தார் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வாய்க்காலும் உண்டு, அது நம் வீட்டு அடுப்பங்கரை வழியாகப் போனது. பி.எல்.480 கோதுமை என்றால் வயதானவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். 1954இல் வந்த சட்டம் அது. அமெரிக்கா அனுப்பிய தானியத்துக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுக்கலாம், அந்த ரூபாய் இந்தியாவிலேயே கிடக்கும். குவிந்து கிடந்த ரூபாயில் ஒரு சிறு பங்கை எடுத்து இந்தியப் புத்தகங்கள் வாங்கலாம் என்று பிறகு திருத்தம் வந்தது. 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிகள் பலவற்றிலும் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழில் கவிதைத் தொகுப்பு முதல் ஜோசியப் புத்தகம் வரை போனது. நாம் ரேஷனில் வாங்கிய கோதுமை அங்கே சிகாகோ அலமாரியில் தமிழ் நாவலாகப் போய் நின்றது. (மிச்சமிருந்த ரூபாயில் பெரும்பகுதியை 1974இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் ஒரே காசோலையாக இந்திய அரசுக்குத் திருப்பிக் கொடுத்தார். தொகை 1,664 கோடி ரூபாய்.)

அடித்தளத்தில் ஒரு சனிக்கிழமை

கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் சிகாகோவில் சேர்ந்தது இதே காலத்தில்தான். மைசூரில் பிறந்தவர், வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம் என்று வளர்ந்தவர். ஆனால் சங்கத் தமிழ் முறையாகப் படித்தவர் அல்ல. 1962இல், அங்கே போன புதிதில், ஒரு சனிக்கிழமை பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தள அடுக்குகளில் தேடியிருக்கிறார். கையில் அகப்பட்டது உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அங்கேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். ஐந்து வருஷம் கழித்து அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு வந்தது. சங்க இலக்கியத்தை உலகம் கவனித்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

இதில் ராமானுஜனின் மேதைமையை விட்டுவிடுவோம், அது மையம் கொடுத்தது அல்ல. மையம் கொடுத்தது அந்த அலமாரியை. யாரோ ஒரு நூலகர் என்றைக்கோ வாங்கி, பட்டியலில் ஏற்றி, யாரும் எடுக்காதபோதும் கழித்துக்கட்டாமல் வைத்திருந்த ஒரு புத்தகம். அன்றைக்கு அடுக்கு பூட்டியிருந்தால்?

மற்றபடி மையத்தின் அன்றாடம் எங்கேயும் போலத்தான். மொழி வகுப்பு, வாராந்திரக் கருத்தரங்கு, வெளியிலிருந்து வரும் அறிஞரின் உரை, மாணவர்களுக்கு மொழி உதவித்தொகை. அரசுப் பணம் வாங்கியதால் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெற்காசியா பற்றிப் பயிற்சி நடத்துவது போன்ற வெளிப்பணியும் கட்டாயமாக இருந்தது. தமிழ் படிக்கிற மாணவர்கள் மதுரைக்கு வந்து பேச்சுத் தமிழ் பழகுவதற்கு அமெரிக்க இந்தியவியல் கழகம் வழிசெய்கிறது. 1961இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் அமெரிக்க அலுவலகமும் சிகாகோ வளாகத்தில்தான் இருந்துவருகிறது. இதெல்லாம் நல்ல காரியங்களே, ஆனால் பலனெல்லாம் அந்தப் பக்கம். இங்கே நமக்கு என்ன என்று கேட்டால் 1990 வரைக்கும் சொல்வதற்கு அதிகம் இல்லை.

கோட்டையூர்

ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். சென்னையில் தொழில் செய்த காலத்திலேயே பழைய புத்தகம் வாங்கும் பித்து பிடித்துவிட்டது. பிறகு ஊருக்கே திரும்பி, வீட்டை நூலகமாக்கினார். அவரிடம் இருந்த நல்ல குணம், எதையும் ‘இது குப்பை’ என்று ஒதுக்காதது. பல்கலைக்கழக நூலகம் எதுவும் அன்று திரும்பிப் பார்க்காத சரக்கு அவரிடம் சேர்ந்தது. தெருவோரம் காலணா, அரையணாவுக்கு விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, சமையல் புத்தகம், வைத்தியக் குறிப்பு, தல புராணம், நாடக நோட்டீஸ். இவற்றைத் தேடி ஆய்வாளர்கள் கோட்டையூருக்கே வந்தார்கள்.

அந்தச் சரக்கில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். சினிமாப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகை வாசலில் விற்ற சில பக்கத் தாள். மேலட்டையில் நாயகி படம், உள்ளே நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், பாடியவர் பெயர், சில சமயம் ராகமும் தாளமும். கதைச் சுருக்கம் ஒரு பக்கம், வில்லன் நாயகியைக் கடத்திக்கொண்டு போகிற இடத்தில் டக்கென்று நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் படச்சுருளே இன்று இல்லை. வெள்ளித்திரையில் காணவேண்டிய மீதி போய்விட்டது, காலணாத் தாள் மட்டும் இருக்கிறது. தமிழ் சினிமாவின் முதல் இருபது வருஷத்தை எழுத உட்கார்பவருக்கு அந்தத் தாள்தான் கதி.

முத்தையா 1992இல் காலமானார். இனி சேகரிப்பின் கதி என்ன என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. வாரிசுகள் எவ்வளவுதான் அக்கறைப்பட்டாலும் ஒரு லட்சம் உருப்படிகளைக் கரையானிடமிருந்தும் ராமபாணப் பூச்சியிடமிருந்தும் ஒரு குடும்பம் காப்பாற்ற முடியாது. போதாக்குறைக்கு அந்தக் காலத்து மரக்கூழ்க் காகிதத்துக்கு உள்ளேயே எதிரி. தயாரிப்பில் சேர்த்த படிகாரம் நாளடைவில் அமிலமாகி நாரை அறுக்கும். பக்கத்தைப் புரட்டினால் அப்பளம்போல ஒடியும்.

செய்தி சிகாகோவுக்குப் போனது. தெற்காசியப் பிரிவின் நூலகராக இருந்த ஜேம்ஸ் நை முனைந்து நின்றார். பல்கலைக்கழகம் வாங்கியது.

இந்த இடத்தில்தான் தேர்வு. எடுத்துப்போகிற பழக்கம் பழையது. காலின் மெக்கன்சி தென்னிந்தியாவெங்கும் திரட்டிய சுவடிகள் அவர் 1821இல் இறந்தபின் லண்டன், கல்கத்தா, சென்னை என்று மூன்றாகப் பிரிந்தன. 1867ஆம் ஆண்டு அச்சகப் பதிவுச் சட்டம் வந்தபின் இங்கே அச்சான புத்தகங்களிலிருந்து பொறுக்கியெடுத்துக் கப்பலேற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல் ஒன்று வேண்டுமென்றால் இன்றும் லண்டனில் கேட்பதுதான் சில சமயம் சுலபம். பி.எல்.480 புத்தகங்கள் காசு கொடுத்து வாங்கியவை, கடையில் வேறு பிரதியும் இருந்தது, அதனால் அதில் தப்பில்லை. கோட்டையூர்ச் சேகரிப்பு அப்படி அல்ல. பலவற்றுக்கு அதுதான் கடைசிப் பிரதி.

சிகாகோ அதை எடுத்துப்போகாமல் விட்டதற்குப் பெருந்தன்மை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கும் பொருந்தியது. தமிழ்த் தலைப்பைப் படித்து, ஆசிரியர் யார், எந்த ஊர் அச்சகம் என்று புரிந்து பட்டியலிட ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆள் சென்னையில்தான் கிடைப்பார், அங்கே தேடினால் ஒரு கை விரலுக்குள் அடங்கும். படச்சுருள் கையில் இருந்தால் ஆராய்ச்சிக்குப் போதும், ஒடிகிற காகிதத்தை வைத்துக் காப்பது பெரிய செலவு. பெருந்தன்மையும் கணக்கும் ஒரே திசையில் இழுத்தது இந்தச் சேகரிப்பின் அதிர்ஷ்டம். ‘மொழி’ என்ற பெயருள்ள அறக்கட்டளை பொறுப்பேற்றது. சேகரிப்பு சென்னைக்கு வந்து, முகப்பேரில் 1996இல் நூலகமாகத் திறந்தது. பின்னர் தனி அறக்கட்டளை அமைந்தது, தமிழக அரசின் உதவியால் தரமணி பாலிடெக்னிக் வளாகத்தில் இடமும் கிடைத்தது.

படம் பிடிக்கும் வேலைக்கு அமெரிக்காவின் தேசிய மானுடப் புலங்கள் நிதியம் போன்ற இடங்களிலிருந்து நல்கை வந்தது. ஏன் நுண்படச்சுருள், கணினியில் ஏற்றியிருக்கலாமே என்று இன்று கேட்கத் தோன்றும். 1990களில் ஒரு வன்தட்டு எத்தனை வருஷம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளி உப்புப் பூசிய படச்சுருளைச் சரியான குளிரிலும் வறட்சியிலும் வைத்தால் சில நூறு வருஷம் நிற்கும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். மூலச்சுருள் ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டு அதிலிருந்து படிப்பதற்கான நகல் எடுப்பார்கள். விளக்கும் பூதக்கண்ணாடியும் கலந்த ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றிப் படிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தலை சுற்றும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, நூலகம் சிகாகோவின் கிளையாக நின்றுவிடவில்லை. வேறு பலரின் சேகரிப்புகளும் அங்கே வந்து சேர்ந்தன. தமிழ் சினிமா வரலாற்றை எழுதிய தியடோர் பாஸ்கரன் சில காலம் இயக்குநராக இருந்தார். 2007இல் ஐராவதம் மகாதேவனின் வழிகாட்டலில் சிந்துவெளி ஆய்வு மையம் அங்கேயே தொடங்கியது. சிந்து எழுத்துக்களுக்கு 1977இலேயே தொடரடைவு (எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்) தந்தவர் அவர். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் இருக்கும் கட்டடத்திலேயே சிந்துவெளி முத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த காட்சி.

அகராதி

கோட்டையூர் வாங்குதலைவிட எண்ணிக்கையில் அதிகப் பேரை எட்டியது அதே குழுவின் மற்றொரு வேலை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தது. அச்சில் வாங்குவதென்றால் விலை ஒருபக்கம், வீட்டில் வைக்க இடம் மறுபக்கம். சிகாகோவின் மின்னூலகத் திட்டம் அதைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டது. கூடவே ஃபப்ரீசியுஸ், வின்ஸ்லோ ஆகியோரின் பழைய தமிழ்–ஆங்கில அகராதிகள், பர்ரோ–எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதி.

இன்று மொழிபெயர்ப்பாளர், மெய்ப்பு பார்ப்பவர், பாடல் எழுதுபவர், வாட்ஸாப்பில் சொல்லுக்குப் பொருள் சண்டை போடுபவர் எல்லோரும் போவது அங்கேதான். ஒரு சொல்லைத் தட்டினால் ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், எந்தப் பழம்பாட்டில் வந்தது என்ற மேற்கோள், நாஞ்சில்நாட்டு வழக்கென்றால் அதற்கொரு குறி, நெல்லை வழக்கென்றால் வேறொரு குறி, அச்சுப் பிரதியின் பக்க எண். ஒரு தடவை பாட்டி சொன்ன ஒரு சொல்லை அச்சில் எங்கேயும் காணாமல், கடைசியில் அங்கே நாஞ்சில் குறியோடு பார்த்தபோது, 90 வருஷத்துக்கு முன் யாரோ எங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டு போனதுபோல இருந்தது.

நம் பல்கலைக்கழகம் தயாரித்த அகராதியை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் போய்த் தேடுகிறோமே என்று உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தல் சிகாகோமேல் அல்ல.

சரி வராதவை

முதல் குறை பட்டியல். அமெரிக்க நூலக வழக்கப்படி தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் மேலே கோடும் கீழே புள்ளியும் வைத்து எழுதினார்கள். அந்த முறையில் சாமிநாதையர் ‘எஸ்’ஸில் கிடைக்கமாட்டார், ‘சி’யில் இருப்பார். பழகிய ஆய்வாளருக்கு இது சாதாரணம். கும்பகோணத்திலிருந்து தாத்தாவின் புத்தகம் இருக்கிறதா என்று தேடுகிற பேத்திக்கு அது பூட்டிய அலமாரியேதான்.

இரண்டாவது, நல்கைக் கணக்கு. மூன்று வருஷம், நான்கு வருஷம் என்று பணம் வரும், அதற்குள் இத்தனை சுருள், இத்தனை பக்கம் என்று இலக்கு. முடிந்ததும் அடுத்த விண்ணப்பம். படச்சுருள் சில நூறு வருஷம் நிற்கும், அதைப் பார்த்துக்கொள்பவரின் வேலைக்கு அப்படி உத்தரவாதம் இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. இந்தச் சேகரிப்புகளைக் கொண்டு எழுதிய ஆய்வேடுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் வந்தது, விலை டாலரில். குஜிலிப் பாட்டுப் புத்தகம் காலணாவுக்கு விற்றது, அதைப் பற்றிய புத்தகம் ஆறாயிரம் ரூபாய். பொருள் ஊரில் இருக்கிறது, அதைப் பற்றிய பேச்சு முழுசாகத் திரும்பி வரவில்லை. இதைச் சரிசெய்வது சிகாகோவின் வேலையா, நம்முடைய வேலையா என்றால் பாதிக்குமேல் நம்முடையது என்றே சொல்வேன். நம் ஊரிலும் யுஜிசி 1960களிலிருந்தே வட்டார ஆய்வு மையங்களுக்குப் பணம் கொடுத்துவருகிறது.

பணத்தின் ஊற்றும் வற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்புட்னிக் காலத்து அந்த ஆறாம் பிரிவு நிதி 2011இல் ஏறக்குறைய 40 சதவீதம் வெட்டப்பட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித் துறை மொழி மையங்களுக்கும் உதவித்தொகைக்குமான தொடர் நிதியையே நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த தலைமுறையில் எத்தனை அமெரிக்க மாணவர் மதுரைக்குத் தமிழ் படிக்க வருவார் என்பது கேள்விக்குறி. 1994இல் அந்தச் சரக்கைக் கப்பல் ஏற்றியிருந்தால் இன்று அதன் பாடு என்ன ஆகுமோ என்று நாமும் சேர்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். அது தரமணியில் இருக்கிறது. காலையில் யாரோ ஒருவர் விளக்கைப் போட்டு, ஒடிகிற பக்கத்தை விரல் படாமல் திருப்பிக்கொண்டிருப்பார்.